சத்தமில்லாத இறக்கம்

யானைக்குக் காது எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? சத்தமே போடாத வண்டி வருவது அதற்கு எப்படித் தெரியும்? இதுதான் முஹிண்டோவின் கேள்வி. உப்பு ஏரிக்கரை வாடகை பைக் ஸ்டாண்டில் ஒரு வாரமாக இதையே கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்த ஒரு கம்பெனி, பேட்டரி வண்டிகள் சிலவற்றை ஸ்டாண்டு மரத்தடியில் விட்டுவிட்டுப் போயிருந்தது. ஆளுக்கு ஒருநாள் ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் பழைய பெட்ரோல் வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டாண்டில் பாதிப்பேர் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். முஹிண்டோ மட்டும் அந்த வண்டிகள் கடித்துவிடும் என்பதுபோல் எட்டியே நின்றான்.

"சைக்கிள்காரன மறந்துட்டீங்களாடா?" என்பான். "அவன் வண்டியிலயும் சத்தம் இல்லதான். என்ன ஆச்சு?"

என்ன ஆனது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரையிலிருந்து டவுன் சந்தைக்குப் போகும் சாலை, யானைக் காட்டை நடுவில் கிழித்துக்கொண்டு போகிறது. வழியில் ஒரு நீண்ட இறக்கம். இறக்கத்தின் பாதியில், அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்றே தெரியாத ஒரு வளைவு. போன மழைக்காலத்தில் ஒரு சைக்கிள்காரன் அங்கே சத்தமில்லாமல் உருண்டு வந்து யானைகளுக்கு நடுவே போய் விழுந்தான். அவனைப் பாயில் அள்ளிப் போட்டவர்களில் முஹிண்டோவும் ஒருவன். அன்றிலிருந்து அந்த வளைவு நெருங்கினாலே அவனுக்குப் பயம். வெளியே சொன்னதில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

"பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போயேன். எதுக்கு யானை மேல பழியப் போடுற?" என்றான் ஸ்டாண்டு சேர்மன் பலுக்கு. "நாளைக்கு உன் முறை. ஓட்டிட்டு வந்து பேசு."

"பயமா, எனக்கா? பின்னாடி பீரா உக்காருவாளேன்னு பாக்குறேண்ணே."

பீரா அவன் மனைவி. காலையில் பக்கத்து நன்னீர் ஏரியில் படகுகள் கரை சேர்ந்ததும் மீன் வாங்கிக் கூடையில் அடுக்கி, அவன் வண்டியில் ஏறிச் சந்தைக்குப் போகிறவள். அவளுக்குப் புது வண்டிமேல் கண். "உன் கிழட்டு வண்டிய நீ உதைச்சு உதைச்சுக் கிளப்புறதுக்குள்ள என் மீனுக்கு மறுபடி உயிரே வந்துரும்," என்று ஊர் கேட்கச் சொல்வாள். "சந்தையில ஒருத்தி சொல்றா, என் மீனு பெட்ரோல்ல பொரிச்ச மாதிரி இருக்காம்."

மறுநாள் காலை அவன் பேட்டரி வண்டியில் ஏறி உட்கார்ந்தான். பின்னால் பீரா. அவளுக்குப் பின்னால் மீன்கூடை. கைப்பிடியை முறுக்கியதும் வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் நகர்ந்தது. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஊரைத் தாண்டியதும் இன்னும் மோசம். புல் உரசுவது கேட்டது. எங்கோ ஒரு கிளை முறிவது கேட்டது. அவன் மூச்சே அவனுக்குக் கேட்டது. இத்தனை வருஷமாக எஞ்சின் இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டு வந்தவனை யாரோ சட்டையைக் கழற்றி நடுக்காட்டில் நிறுத்தியதுபோல் இருந்தது.

சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்த மான் ஒன்று, வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் துள்ளி ஓடியது.

"பாத்தியா? மானுக்கே கேக்கல!"

"மான் தப்பிச்சுதா இல்லையா? பேசாம ஓட்டுய்யா."

இறக்கத்தின் உச்சி வந்தது. அவன் இடது கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தது.

அந்த ஸ்டாண்டில் எவனும் அந்த இறக்கத்தில் எஞ்சினை ஓட விடமாட்டான். உச்சியில் அணைத்தால் அடிவாரம் வரை வண்டி சும்மா உருளும், ஒரு மடக்குப் பெட்ரோல் மிச்சம். அடிவாரத்தில் சாவியைத் திருப்பி, கிளட்சைப் பிடித்து விட்டால் ஒரு குலுக்கு குலுக்கி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வண்டி ஓட்டத் தெரிந்த நாளிலிருந்து செய்வது. இந்த வண்டியில் மிச்சம் பிடிக்கப் பெட்ரோலே கிடையாது என்பது மண்டைக்குத் தெரியும், கைக்கு யார் சொல்வது?

வளைவில் திரும்பினார்கள். சாலை அடைத்துக்கொண்டு ஒரு தாய் யானை நின்றது. அதன் காலடியில் குட்டி.

முஹிண்டோவுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. எஞ்சினை அலற விட வேண்டும். இடது கை கிளட்சை இறுக்கிப் பிடித்தது. இந்த வண்டியில் அந்தப் பிடி கிளட்ச் அல்ல, பின் பிரேக். சக்கரம் இழுத்துக்கொண்டு போய், யானைக்கு முன்னால் கல்லெறி தூரத்தில் வண்டி நின்றது. அவன் கைப்பிடியை முறுக்கினான். ஒன்றுமில்லை. மறுபடி முறுக்கினான். வலது கால் உதைக்கிற கம்பியைத் தேடிக் காற்றில் துழாவியது. அப்படி ஒரு கம்பியே அதில் இல்லை.

யானை காதுகளை விரித்தது. குட்டி அதன் வயிற்றுக்கடியில் ஓடி ஒளிந்தது. தும்பிக்கை உயர்ந்து அவர்கள் பக்கம் நீண்டு மோப்பம் பிடித்தது. முஹிண்டோவுக்குச் சைக்கிள்காரனின் பாய் கண்முன் வந்தது. பாயின் கனம்கூடக் கையில் தெரிந்தது. யானை தலையை ஆட்டிக்கொண்டு நாலடி ஓடி வந்து சடாரென்று நின்றது. கிளம்பிய புழுதி அவன் வாயில் மண்ணாக விழுந்தது.

"அசையாத," என்று பீரா அவன் முதுகில் வாயை வைத்துச் சொன்னாள். உதட்டின் நடுக்கம் சட்டையைத் தாண்டித் தெரிந்தது.

அவன் அசையவில்லை. அசைய முடிந்தால்தானே. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்பது யானைக்குத்தான் வெளிச்சம். கடைசியில் அது குட்டியைத் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு, ஒரு காதை மட்டும் இவர்கள் பக்கம் வைத்தபடி புதருக்குள் இறங்கிப் போனது.

அப்போதும் அவன் கைப்பிடியைப் பைத்தியம்போல் முறுக்கிக்கொண்டுதான் இருந்தான். பீரா அந்தக் கையில் ஒரு அடி போட்டு விலக்கினாள். பிறகு முன்னால் எக்கி என்னமோ செய்தாள். "இப்ப மெதுவா முறுக்கு," என்றாள். வண்டி நகர்ந்தது. சந்தை வரும்வரை அவன் எங்கேயும் நிறுத்தவில்லை.

சந்தையில் முஹிண்டோ ஒரு டீ வாங்கினான். பாதி குடித்துவிட்டுக் கப்பைக் கீழே வைத்தான். அவனுக்குப் பேச்சு வந்தபோது கூடவே கோபமும் வந்தது.

"சொன்னேனா இல்லையா? நடுவழியில செத்துப்போச்சு சனியன்! பலுக்கு அண்ணனுக்கு இப்பவே போன் போடுறேன். ஸ்டாண்டுல ஒருத்தனும் அதத் தொடக்கூடாது. அந்த மரத்தடியிலயே கெடந்து துருப்பிடிக்கட்டும்."

பீரா மீனைக் கூடையிலிருந்து எடுத்துப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மறுபடி எப்படி உயிர் வந்துச்சாம்?"

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். சாவிய நான்தான் திருப்பினேன். உச்சியில நீ அணைச்சுட்ட."

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான்.

உட்கார்ந்த பிறகுதான் மெய்யான பயம் வந்தது. யானைக்கு முன்னால் நின்றபோதுகூட இப்படி வரவில்லை. நேற்றும் அந்த இறக்கத்தில் அணைத்தான். முந்தாநாளும் அணைத்தான். சைக்கிள்காரனைப் பாயில் அள்ளிய மறுநாள், பயந்து பயந்து, அப்போதும் அணைத்தான். இரைச்சல் போடுகிற வண்டி என்று நம்பிய அந்தப் பழைய வண்டியில், யானையின் காதுக்கு எட்டாமல் அந்த வளைவுக்குள் அவளைக் கொண்டுபோய்க்கொண்டே இருந்திருக்கிறான். எல்லாம் ஒரு மடக்குப் பெட்ரோலுக்காக. யானை அந்த நேரத்தில் அங்கே நிற்காதது அதன் புண்ணியம், இவன் சாமர்த்தியம் இல்லை.

மதியம் மீன் விற்று முடிந்தது. டவுன் பக்கமிருந்து திரும்பும்போது முதலில் ஏற்றம், அதற்குள்தான் அந்த வளைவு, பிறகு உச்சி. ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவன் வண்டியை நிறுத்திவிட்டான்.

"நீ டாக்சியில வந்துடு, பீரா. நான் தனியா ஓட்டிட்டு வரேன்."

"ஏன், உன்னை யானை மிதிச்சா எனக்கு லாபமா?"

"விளையாடாத." அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கு மட்டுமில்ல, ரொம்ப நாளாவே. சத்தம் போடுற வண்டின்னு பழச விட மாட்டேன்னேன். அதுல தினமும் உன்னப் பொணத்தக் கொண்டுபோற மாதிரி சத்தமே இல்லாமக் கொண்டு வந்திருக்கேன். உனக்கு அது தெரியாது."

பீரா காலிக் கூடையைச் சரியாக இழுத்துக் கட்டினாள்.

"தெரியாம என்ன," என்றாள். "நீ அணைச்சதும் காத்து மட்டும் கேக்கும். எஞ்சின் மறுபடி பிடிக்கிற வரைக்கும் நான் கண்ண இறுக்கி மூடிக்குவேன். தினமும்."

"சொல்லியிருக்கலாமேடி."

"நீ சொன்னியா?"

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பலுக்குவை அழைத்தான்.

"அண்ணே, என் பழைய வண்டியக் கம்பெனிக்காரன எடுத்துக்கச் சொல்லு," என்றான். "இல்லண்ணே, யானைக்குக் கேக்காதுதான். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சுத் தொலையுறேன், தொண்ட கிழியக் கத்துறேன். அந்தப் பழசு மட்டும் இனி எனக்கு வேணாம். வந்து சொல்றேன், எல்லாருக்கும் சேத்துதான் சொல்லணும்."

போனை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். பீரா ஏறி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வளைவு தெரியத் தொடங்கியதும் அவன் ஹாரனை அழுத்தினான், விடவேயில்லை. அதற்கு மேலாக, காடு அதிர, "ஓ... ஓ..." என்று கத்தினான்.

"இப்ப கண்ணத் திறந்திருக்கியா?" என்று கத்தலுக்கு நடுவே கேட்டான்.

"இல்ல," என்றாள் பீரா. "நீ கத்துறத நிறுத்தாத."