கேத்தில் பாதையில் சிரமதானம்

"கையைக் காட்டாமல் அங்கால தள்ளி நில்லுங்கோப்பா, எனக்கு ரோட்டு மறைக்குது" என்று வாகனத்துக்குள் இருந்து தாட்சாயினி சத்தம்போட்டாள். நான் மேட்டின் உச்சியில் நின்று இரண்டு கைகளாலும் இடம், வலம் என்று காட்டிக்கொண்டிருந்தேன். செங்குத்தான இடம் வந்தால் ஒருவர் இறங்கி நின்று சைகை காட்டவேண்டும் என்பது மலைப்பாதையில் வாகனம் ஓட்டுகிற எங்கள் தமிழ்க் குழுவின் விதி. விதியைப் போட்டவன் அவளுடைய பெரியம்மா மகன் ஆரூரன். ஆனால் என் மனைவி ஒருநாளாவது என் சைகையைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பியதாக எனக்கு ஞாபகமில்லை. முன்சில்லு பள்ளத்துக்குள் இறங்கியது. பின்சில்லு ஒன்று அந்தரத்தில் நின்றது. அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, கல்லில் தோசைமாவை இழுக்கிற நிதானத்தோடு வளைத்தெடுத்தாள். பஜேரோ ஒருமுறை முனகிவிட்டு ஏறி என் பக்கத்தில் வந்து நின்றது. "பாத்தனீங்களே?" என்றாள். நான் எங்கே பார்த்தேன்? கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் பஜேரோவை வாங்கியது நான். ஊரில் மந்திரிமார் ஓடித் திரிந்த வாகனம், புலம்பெயர்ந்து வந்த இந்த நோபல் பார்க்கில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான். வாங்கிய புதிதில் ஆரூரன் எங்களை மலைப்பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் எலெக்ட்ரீஷியன். ஆனால் வேலைநாளிலும் அவன் வாயில் டயரும் சேறும்தான் வரும். பக்கன்ஹாமைத் தாண்டி, அரசாங்கக் காட்டுக்குள் ஏறுகிற அந்தப் பாதைக்குக் கெட்டில் ட்ராக் என்று பெயர். எங்கள் ஆட்களுக்கு அது கேத்தில் பாதை. முதல் மேட்டிலேயே நான் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டேன். "தள்ளுங்கோ, நான் பாக்கிறன்" என்று தாட்சாயினி சாரதி இருக்கையில் ஏறினாள். டிரைவிங் டெஸ்ட்டில் மூன்றுதரம் கோட்டைவிட்டவள், ரவுண்டபவுட்டைக் கண்டாலே வியர்த்துக் கொட்டுகிறவள், அன்றைக்கு உச்சிவரை ஏறினாள். அதற்குப் பிறகு சாவி என் கைக்கு வரவில்லை.

உச்சியில் பெரிதாக ஒன்றுமில்லை. யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி, கீழே பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். ஆனால் எஞ்சினை நிறுத்தியதும் தாட்சாயினி இருக்கையைப் பின்னால் சாய்த்துவிட்டுப் பேசாமல் கிடப்பாள். ஃபோன் எடுபடாது. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே அறைக்கு அறை மணி. மணி அடித்தால் ஓடவேண்டும். கழுவ, தூக்க, திருப்பிப் படுக்கவைக்க, ஒன்றுமில்லாவிட்டாலும் யன்னலைத் திறந்துவிட. வீட்டுக்கு வந்தும் மைக்ரோவேவ் மணி கேட்டால் திடுக்கிட்டு எழும்புகிறவள். மலையில் அவள் அப்படிச் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு மேடு ஏறியதற்கு இது போதும் என்று எனக்குத் தோன்றும். அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் கிழமைக்கு இரண்டுதரம் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

நான் முருகனைக் கூப்பிட்ட அன்று திரும்பி இறங்கும்போதுதான், பாதை தொடங்கும் இடத்துக் கேற்றில் புதிதாக ஒரு அறிவித்தல் தொங்கியது. கேத்தில் பாதையின் எதிர்காலம் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க, காடுகளைப் பார்க்கிற திணைக்களத்து அதிகாரி பட்டின மண்டபத்துக்கு வருகிறாராம். குளிர்காலத்தில் எல்லா மலைப்பாதைகளையும் பூட்டி, வசந்தத்தில் திறப்பது வழக்கம். இந்தப் பாதையைப் பூட்டினால் பூட்டினதுதான் என்று ஒரு கதை அடிபடுவதாக ஆரூரன் சொன்னான். தாட்சாயினி அந்த அறிவித்தலை வாசித்து முடித்தும் வாகனத்தில் ஏறவில்லை. "பூட்டினா நான் எங்க போறது?" என்று கேற்றைப் பார்த்துக் கேட்டாள். அவ்வளவுதான்.

இனி விஷயம் என் கைக்கு வந்தது. எங்கள் சனம் என்னை நன்றியுரை வரதராஜா என்றுதான் கூப்பிடும். கோயில் விழாவோ, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, கடைசியில் மைக் என்னிடம்தான் வரும். பாதை விஷயமாக ஒரு அதிகாரி வருகிறார் என்றால் அவரை எப்படி வரவேற்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. பொன்னாடை ஒன்று வாங்கினேன், அரக்குச் சிவப்பில் சரிகைக்கரை போட்டது. நாலு பக்கத்தில் உரை எழுதினேன். குழுவிலுள்ள குடும்பங்களெல்லாம் கோயிலுக்குப் போகிற உடுப்பில் வரவேண்டும் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன்.

மண்டபத்தில் கதிரைகள் நிரம்பியிருந்தன. ஒரு பக்கம் கட்டம் போட்ட சட்டைகளோடு உள்ளூர் வாகனக் கழகத்து ஆட்கள். அவர்களுடைய தலைவர் பாரிதான் அன்றைக்குக் கூட்டத்தை நடத்தினார். மற்றப் பக்கம் ஆற்றைக் காப்பாற்றுகிற குழுவினர். அவர்களின் முன்வரிசையில் மார்கரெட் என்கிற வயதான பெண்மணி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நடுவில் பட்டுச்சேலையும் வேட்டியுமாக நாங்கள். அதிகாரி பெண், பெயர் டெபோரா. பெண்ணுக்குப் பெண்தானே பொன்னாடை போர்த்தவேண்டும். மாட்டேன் என்ற தாட்சாயினியைத் தள்ளாத குறையாக மேடையில் ஏற்றினேன். அவள் போர்த்தினாள். நாங்கள் கைதட்டினோம். பாரியின் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தாங்களும் தட்டினார்கள்.

டெபோரா சால்வையைத் தடவிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, "இவ்வளவு அழகான ஒன்றைப் போட்டுக்கொண்டு இதைச் சொல்வது சங்கடமாக இருக்கிறது. பாதையை நிரந்தரமாக மூடும்படி எழுதிக்கொடுத்தவளே நான்தான்" என்றார்.

மண்டபம் சிரித்தது. மார்கரெட்கூடச் சிரித்தார். திருடனுக்கு ஆரத்தி எடுத்தவன் மாதிரி நான் நின்றேன். மேடையிலிருந்து இறங்கி வந்த தாட்சாயினி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை.

பிறகு டெபோரா திரையில் படங்களைக் காட்டினார். பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஓடுகிற சிற்றாறு. மழைக்கு முதல் எடுத்த படத்தில் அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். மழைக்குப் பிறகு எடுத்ததில் தண்ணீர் பால்தேத்தண்ணி நிறம். மேட்டில் சில்லுகள் தோண்டிய பள்ளங்களால் சேறெல்லாம் இறங்கி நேரே ஆற்றுக்குள் போகிறது. பள்ளத்துக்குப் பயந்தவர்கள் பக்கத்தால் ஓட்டி, ஒரு பாதையை மூன்றாக்கியிருக்கிறார்கள். அந்த ஆற்றில் வாத்துபோல் அலகுள்ள பிளாட்டிபஸ் என்கிற விலங்கு இருந்ததாகவும், தான் அதைக் கண்டு கனகாலம் என்றும் மார்கரெட் எழும்பிச் சொன்னார். பாரி தன் தகப்பன் காலத்திலிருந்தே ஓடுகிற பாதை என்று மேசையில் குத்தினார். ஆளுக்கு இரண்டு நிமிடம்தான், முடிந்தால் மணி அடிப்பார்கள். என் முறை வந்தது. நான் தலைவருக்கும் அதிகாரிக்கும் மண்டபத்தைத் தந்தவர்களுக்கும் நன்றி சொல்லி, பாதை என்ற சொல்லுக்கு வருவதற்கிடையில் மணி அடித்துவிட்டது.

மணிச் சத்தத்தோடு தாட்சாயினி எழும்பிவிட்டாள்.

வேறொன்றுமில்லை, பழக்கம். எழும்பினவள் எங்கே ஓடுவது என்று தெரியாமல் நின்றாள். அடுத்ததாகப் பேசத்தான் எழும்புகிறாள் என்று நினைத்துப் பாரி மைக்கை நீட்டினார். ஆங்கிலத்தில் நாலு பேருக்கு முன்னால் பேசுவதென்றால் காய்ச்சல் வருகிறவள். மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்தாள். அவள் சொன்னதைத் தமிழில் போட்டால் இப்படித்தான் வரும்.

"மன்னிக்கோணும், மணி அடிச்சா எனக்கு எழும்பித்தான் பழக்கம். நான் முதியோர் இல்லத்தில வேலை. நாள் முழுக்க மணி. அந்த மலையில மணி இல்லை. அதுக்குத்தான் போறனான். ஆத்துக்குள்ள சேறு போறது எங்கட சில்லாலதான். படத்தைப் பாத்தா வெக்கமாக் கிடக்கு. பூட்டாதேங்கோ, வேலையைச் சொல்லுங்கோ. சனிக்கிழமை வாறம். எங்கட நாட்டில அதுக்குச் சிரமதானம் எண்டு பேர்."

இரண்டு நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை. சிரமதானம் என்றால் என்ன என்று டெபோரா கேட்டார். "ஊர் சேந்து செய்யிற வேலை. சம்பளம் இல்லை, சாப்பாடு இருக்கு" என்றாள். அந்த வசனத்துக்கு விழுந்த கைதட்டல், இத்தனை வருட நன்றியுரையில் எனக்கு ஒருநாளும் விழவில்லை. பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் பக்கத்துக் கதிரைக்காரரிடம், "அது என்ர மனிசி" என்று சொன்னேன்.

கடைசியில் டெபோரா ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். குளிர்காலப் பூட்டுக்கு முதல் மூன்று தரப்பும் சேர்ந்து பாதையைத் திருத்தவேண்டும். குளிருக்குள் பெருமழை விழுந்த அடுத்தநாள் ஆற்றுத் தண்ணீரைச் சோதிப்பார். தெளிவாக இருந்தால் வசந்தத்தில் கேற் திறக்கும். கலங்கியிருந்தால் ஒருநாளும் திறக்காது. பொன்னாடையைத் திணைக்களத்தின் பரிசுப் பதிவில் எழுதிவிட்டுத்தான் வைத்திருக்க முடியும் என்றும் சொன்னார். எழுதட்டும்.

சிரமதானத்துக்கு எங்கள் குழுவிலிருந்து மூன்று வான்களில் சனம் வந்தது. இறங்கிப் பார்த்தால் சோற்றுக் கிடாரம் நாலு, மண்வெட்டி மூன்று. ஆளாளுக்கு மற்றவர் மண்வெட்டி கொண்டுவருவார், நாங்கள் சாப்பாடு கொண்டுபோவோம் என்று நினைத்திருக்கிறார்கள். பாரி தலையில் கையை வைத்தார். பிறகு தன் ட்ரெய்லரைத் திறந்து கழகத்து மண்வெட்டிகளை இறக்கினார். செயின்சோ பிடிக்கத் தகுதிப்பத்திரம் வேண்டுமென்பதால் விழுந்து கிடந்த மரங்களை அவருடைய ஆட்கள் அறுத்தார்கள், நாங்கள் இழுத்தோம். மழைத்தண்ணீர் பாதை வழியே ஓடாமல் இடைக்கிடை காட்டுக்குள் திரும்பிப் போவதற்காகக் குறுக்கே மண்ணணை போடவேண்டும். எந்த இடத்தில் என்று மார்கரெட்தான் காட்டினார். நான் கல் சுமந்தேன். மத்தியானம் மார்கரெட் வடையை மணந்து பார்த்துப் பாதியைக் கடித்தார். சற்று நேரத்தில் கிடாரத்தடியில் தானே பரிமாறிக்கொண்டிருந்தார். இரண்டு தட்டுப் புளிச்சோறு தின்ற பாரி பிறகு மரத்தோடு சாய்ந்தவர்தான், அவருடைய செயின்சோ அன்றைக்கு எழும்பவில்லை.

பின்னேரம் அந்த மேடு வந்தது. தாட்சாயினி பின்சில்லை அந்தரத்தில் விட்டு ஏறுகிற அதே பள்ளம். ஆற்றுக்குப் போகிற சேற்றில் பாதி இங்கிருந்துதான், இதை நிரப்பிச் சமப்படுத்தவேண்டும் என்றார் மார்கரெட். ஆரூரனுக்கு மனமில்லை. பாதையில் ருசியே அந்த இடம்தான், அதை மட்டும் விட்டுவிடலாம் என்று முணுமுணுத்தான். எல்லோரும் தாட்சாயினியைப் பார்த்தார்கள். அவள் பள்ளத்தின் ஓரத்துக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கல்லை வாங்கி உள்ளே போட்டாள்.

"உம்மட பள்ளமெல்லோ போகுது" என்றேன், மெதுவாக.

"போகட்டும். மேல போக வழி இருந்தாப் போதும்" என்றாள். "இனி நீங்களும் ஓட்டலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் அடுத்த கல்லுக்குக் குனிந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் மட்டும் கண்டேன்.

யூலையில், இங்கே நடுக்குளிர்காலத்தில், மழை பிடித்தது. விடிய விடியக் கொட்டியது. கூரையில் சத்தம் கூடும்போதெல்லாம் தாட்சாயினி யன்னலடிக்குப் போய்வந்தாள். காலையில் டெபோரா கூப்பிட்டார். ஆரூரன் வேலையை விட்டுவிட்டு வந்தான். நாங்கள் போய்ச் சேர, பூட்டிய கேற்றடியில் மழைக்கோட்டுகளோடு டெபோராவும் மார்கரெட்டும் பாரியும் நின்றார்கள். ஆற்றில் தண்ணீர் முழங்காலளவுக்குப் பெருகி ஓடியது. மேலே நின்று பார்த்தால் தெளிவா கலங்கலா என்று பிடிபடவில்லை. வெள்ளை நுரையும் இலையும்தான்.

மார்கரெட், ஓர் ஆளின் இடுப்பளவு உயரமான கண்ணாடி போன்ற குழாய் ஒன்றை நிமிர்த்திப் பிடித்தார். அடியில் ஒரு கறுப்புச் சிலுவைக் குறி. மேலே சிவப்புக் கோடு. ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற ஊற்ற, மேலிருந்து ஒருவர் உள்ளே பார்க்கவேண்டும். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு வரும்போதும் அடியிலுள்ள குறி தெரிந்தால் பாதை தப்பியது. அதற்கு முதல் மறைந்தால் முடிந்தது. யார் பார்ப்பது என்று டெபோரா கேட்கவுமில்லை. தாட்சாயினியைப் பார்த்துக் குழாயைக் காட்டினார்.

"பொய் சொல்லக்கூடாது" என்றார் பாரி.

"அவளுக்குப் பொய் சொல்ல வராது. என்ர சமையலைப் பற்றிக் கேட்டுப்பாருங்கோ" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவள் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். மார்கரெட் வாளியைச் சரித்தார். தண்ணீர் குழாய்க்குள் கால்வாசி ஏறியது. "தெரியுதே?" என்றேன். "ம்" என்றாள். பாதி ஏறியது. முக்கால். பக்கத்திலிருந்து பார்க்க லேசான தேத்தண்ணி நிறம் மாதிரித்தான் எனக்குப் பட்டது. ஆரூரன் மறுபக்கம் திரும்பி நின்றான். கோட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கையில் மார்கரெட்டின் கை தயங்கியது. வாளியை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். மழைக்கோட்டின் தொப்பியிலிருந்து சொட்டிய துளி அவள் மூக்கு நுனியில் வந்து நின்றது. அவள் அதைத் துடைக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை.

"இப்பவும் தெரியுது, ஊத்துங்கோ" என்றாள், தமிழில்.

ஒரு சொல் தமிழ் தெரியாத மார்கரெட் ஊற்றினார்.