பழைய வகைதான்

கொசுப்புழு ஒழிப்பு வேலைக்குப் போகிறவளை யார்தான் வா என்று கூப்பிடப் போகிறார்கள்? அடுத்தவர் வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்து, புழு இருந்தால் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். செவ்வந்தி திட்டு வாங்காத நாள் கிடையாது. ஆனாலும் கல்வராயன் மலையடிவாரத்து அந்தக் காலனிக்கு ஆராய்ச்சியாளர் அரங்கநாதன் ரத்தம் கேட்டு வந்தபோது, காய்ச்சல் கண்ட இருபத்தெட்டுப் பேரும் அவள் சொல்லித்தான் கையை நீட்டினார்கள்.

"ரத்தத்த வித்துடுவானுங்க" என்று பின்வாங்கியவர்களின் எதிரில், முதல் ஊசியைத் தன் கையில் குத்தச் சொன்னாள். சார் சொன்னதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தாள். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோன உடம்புக்கு அதே வகை திரும்ப வராது. வேறு வகை வந்தால் முதல் தடவையைவிட மோசமாகத் தாக்கலாம். ஒரே வகைக்குள்ளும் மரபணு மாறினால் வீரியம் மாறலாம். "ரிசல்ட் வந்த அன்னைக்கே மொத போன் உனக்குத்தாம்மா" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

மறுவருடம் ஐப்பசி மழையில் மறுபடி காய்ச்சல் கிளம்பியது. அரங்கநாதன் வந்தார், ரத்தம் எடுத்தார், போய்விட்டார். செவ்வந்தி நான்கு தடவை போன் செய்தாள்.

"முழு ரிசல்ட் இன்னும் வரலம்மா, ஆனா பாத்த வரைக்கும் போன வருஷத்துப் பழைய வகைதான். பயப்படாத."

இட ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லாது என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, மாவட்டமே கொதித்துக்கொண்டிருந்த சமயம். வெள்ளிக்கிழமை மறியல், பஸ் ஓடாது என்று மைக் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகக் கத்தியது. அந்தத் திங்கட்கிழமைதான் செவ்வந்தியின் தங்கை நிர்மலா காய்ச்சலில் படுத்தாள்.

"பஸ்ஸு நிக்கறதுக்குள்ள கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு பூடலாமா?" என்றான் செவ்வந்தியின் புருஷன் பிச்சைமுத்து.

"பழைய வகைதான் சுத்திக்கினு கீதுன்னு சாரே சொல்ட்டாருய்யா. இவளுக்குப் போன வருஷமே வந்துட்ச்சி, மறுபடி வராது. இது மழைக் காய்ச்சல்."

வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டது. காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஊற்றியாயிற்றென்றால் நோய் போயிற்று, மருந்தும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. செவ்வந்தியே வேப்பிலை போட்டு வெந்நீர் காய்ச்சித் தங்கைக்கு ஊற்றினாள். ரசம் சோறு பிசைந்து கொடுத்தாள்.

வெள்ளி காலையில் நிர்மலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஈறில் ரத்தம். அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன ஆட்டோ மறியலில் நின்று நின்று போனது. மறியல்காரர்களே அவள் முகத்தைப் பார்த்துப் பதறி வழி விட்டார்கள். "நேத்தே வந்திருக்கணும்மா. டெங்குல காய்ச்சல் விட்டப்புறம்தான் ஆபத்தே" என்றார் டாக்டர். என்னென்னவோ செய்து பார்த்தார்கள். சனிக்கிழமை நிர்மலா போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், பிச்சைமுத்து டீக்கடையிலிருந்து செய்தித்தாளைக் கொண்டுவந்து நீட்டினான். மலையடிவாரத்தில் இந்த வருடம் பரவுவது வேறு வகை டெங்கு, மரபணு மாறியது, கடும் பாதிப்போடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று அரங்கநாதன் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்திருந்தார். அக்டோபரிலேயே கண்டுபிடித்தார்களாம். பக்கத்தில், போன வருடம் எடுத்த ரத்தத்தை வைத்த ஐஸ் பெட்டியோடு செவ்வந்தி சிரித்துக்கொண்டிருக்கும் படம். கீழே, 'ஆய்வுக்குத் துணை நின்ற களப்பணியாளர்'.

உடனே அவருக்குப் போன் போட்டாள்.

"மாநாட்டுல படிக்கறதுக்கு முந்தி வெளிய சொல்லக் கூடாதும்மா, அது முறை" என்றார் அவர். "உன் போட்டோ வந்திருக்கே, பாத்தியா?"

"தெரியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா கூட அவள இட்டுக்கினு ஓடியிருப்பேனே சார். பழைய வகைன்னு ஏன் சொன்னீங்க?"

"நீ ரொம்பப் பயந்திருந்தியேன்னுதான்…"

போனை வைத்தாள். பாவி மனுசன், ஒரு வார்த்தைதானே! நம்பி நீட்டிய இருபத்தெட்டுக் கைகளும் அவள் கண்முன் வந்தன. அழக்கூட நேரமில்லை. அடுத்த தெரு தைலம்மாளின் மகள் சந்தியாவும் அந்த இருபத்தெட்டில் ஒருத்தி. நான்கு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

ஓடிப்போய்ப் பார்த்தால் பின்வாசலில் சந்தியா துவண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெந்நீர் ஆவி பறந்தது.

"தைலக்கா, ஊத்தாதக்கா! காய்ச்சல் விட்டப்புறம்தான் ஆபத்து. போன வருஷம் வந்தவங்களுக்கு இப்ப ஜாஸ்தியா அடிக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம், வா."

தைலம்மாள் நிமிர்ந்தாள். காலனி முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தாகிவிட்டது.

"போன மாசமே தெரிஞ்சிகீது உங்களுக்கு. பல்ல இளிச்சிக்கினு போட்டோவுக்கு நின்னுகீற. கூடப் பொறந்தவளுக்கே சொல்லாதவ, எம் பொண்ணுக்கு இன்னாடி சொல்ல வந்துட்ட?"

சொம்பை வெந்நீரில் முக்கித் தூக்கினாள். செவ்வந்தி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். கன்னத்தில் பளார் என்று அறை விழுந்தது. அவள் கையை விடவில்லை.