ட்ரிப் மீட்டர்

கோர்டி அந்த வட்டார மோட்டார் சைக்கிள் சங்கத்தின் தலைவர். பனி விழத் தொடங்கிவிட்டால் யாரும் வண்டி எடுக்க முடியாது என்பதால், வசந்தம் வரை வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதே அவர் வேலை. மினசோட்டாவில் குளிர்காலம் நீளம். கோர்டியின் பேச்சு அதைவிட நீளம்.

அவருடைய தம்பி லைல் இலையுதிர்காலத்தில் இறந்துபோனான். அவன் வண்டி மனைவி லோர்னாவின் கராஜில் நின்றது. நோய் இன்னதென்று டாக்டர் சொன்ன அன்றே லைல், வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கியிருந்தான். "எவ்வளவு தூரம்தான் போறோம்னு பாத்துருவோம்" என்று சிரித்தான். அதன்பின் ஓடிய ஒவ்வொரு மைலிலும் லோர்னா பின்னால் உட்கார்ந்திருந்தாள். இப்போது தினமும் கராஜுக்குப் போய்ச் சாவியைத் திருப்புவாள். நீல வெளிச்சத்தில் அந்த எண் வரும். பார்த்துக்கொண்டே நிற்பாள்.

ஒருநாள் சூப்போடு வந்த கோர்டி அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன லோர்னா பண்ற? இந்தக் குளிர்ல சும்மா சும்மா சாவியத் திருப்புனா பேட்டரி இறங்கிரும். இறங்குன பேட்டரி உறைஞ்சு விரிசல் விட்டுரும். இதப் பத்தி சங்கத்துல ரெண்டு மணி நேரம் பேசிருக்கேனே!"

"கேட்டேன். லைல் என் தோள்லதான் தூங்கிட்டிருந்தான்."

"சரி, எதுக்குத் திருப்புற?"

"சும்மாதான்."

சொல்லியிருக்கலாம். ஆனால் கூரை பறந்துபோனாலும் 'பரவாயில்ல' என்று சொல்கிற ஊர் அது. சொன்னால் இருவரும் அழ வேண்டிவரும், சூப் ஆறிவிடும்.

ஞாயிறன்று அவள் தேவாலயம் போயிருந்த நேரத்தில் கோர்டி வந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனார். முனைகளைப் பளபளவென்று தேய்த்து, தன் வீட்டு நிலவறையில், தன் பேட்டரிக்குப் பக்கத்திலேயே சார்ஜரில் வைத்தார். தம்பிக்குச் செய்ய முடியாமல் போனதையெல்லாம் அதற்குச் செய்தார்.

"என்கிட்ட பத்திரமா இருக்கு" என்று போனில் சொன்னார். எண் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு லோர்னா குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தாள்.

பனி உருகியதும் கோர்டி பேட்டரியைப் பொருத்திச் சாவியைத் திருப்பினார். பளீரென்று நீல வெளிச்சம். பூஜ்யம். பேட்டரியைக் கழற்றியபோதே மீட்டரில் இருந்த எண் அழிந்துபோயிருந்தது.

அந்த எண் அவளுக்கு மனப்பாடம்தான். ஆனால் அது நினைவில் வைக்கச் சேர்த்ததல்ல. இருவரும் ஓடி ஓடிச் சேர்த்தது.

"பாத்தியா, புதுசு மாதிரி!" கோர்டியின் கண் கலங்கியிருந்தது. "எப்படி?"

"பரவாயில்ல."

"ஒரு சுத்து போயிட்டு வரட்டுமா?"

"போயிட்டு வாங்க."

திரும்பி வந்தபோது மூன்று மைல் ஏறியிருந்தது. அவள் உட்காராத மூன்று மைல்.