நாளைக்குத்தான் பறக்கும்

இரண்டு குஞ்சுகள் பறந்துபோய், மூன்றாவது குஞ்சு கூட்டின் ஓட்டையில் தலையை நீட்டியபோது, மனைவி ஷஹீதாவை எழுப்புவதற்காகச் சிக்கந்தர் கட்டிலருகே போய்க் கையை நீட்டினார். தொடவில்லை.

வாய் லேசாகத் திறந்திருக்க அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று இரவுகளுக்குப் பிறகு வந்த தூக்கம். வலி மருந்தை நாலரை மணிக்குக் கொடுத்திருந்தார். அதன் பிறகும் அரை மணி நேரம் அவர் கையை நெரித்துக்கொண்டே கிடந்து, மெல்ல மெல்ல விரல்கள் தளர்ந்து அடங்கியிருந்தாள். இப்போது மணி ஆறரை. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று நினைத்தார். ஐந்து குஞ்சுகள். எல்லாமா ஒரே நேரத்தில் போய்விடும்?

பழப்பெட்டிப் பலகையை அறுத்து அவரே செய்து, ஜன்னலுக்கு நேர் எதிரே சில்வர் ஓக் மரத்தில் அடித்த கூடு அது. போன வருடம் ஒரு ஜோடி பட்டாணிக் குருவி வந்து குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் பறந்த அன்று ஷஹீதா அடுப்படியில் இருந்தாள். அவர் மட்டும் பார்த்தார். இந்த வருடம் அதே ஜோடியோ வேறு ஜோடியோ, பங்குனி பிறந்ததும் பாசியைக் கவ்விக்கொண்டு வந்தது. அதற்குள் ஷஹீதா படுத்த படுக்கை ஆகியிருந்தாள். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள்.

"போன வருசம் நீங்க மட்டும் பாத்துட்டு வருசம் பூராப் பீத்திக்கிட்டீங்க. இந்தத் தடவை நான் பாக்கணும். தூங்கிட்டிருந்தா எழுப்புங்க. மறந்தீங்கன்னு வைங்க, அப்பறம் இருக்குது உங்களுக்கு."

"எழுப்பறேன் தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தார்.

தாய்க்குருவி பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு, கூட்டுக்குள் போகாமல் எதிர்க் கிளையிலிருந்தே கூப்பிட்டது. மூன்றாவது குஞ்சு தாவியது. நான்காவது அதிகம் யோசிக்கவில்லை. ஐந்தாவதுதான் ஓட்டையில் உட்கார்ந்துகொண்டு நெடுநேரம் கத்தியது. சிக்கந்தர் ஜன்னலையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு முறை கட்டில் வரைக்கும் போனார். பிறகு கூடு அமைதியாகிவிட்டது. காப்பிச் செடிகளுக்கு மேலே எல்லாச் சத்தமும் சேர்ந்து நகர்ந்து, பக்கத்து எஸ்டேட் பக்கமாகப் போய் மறைந்தது.

பாலுடன் வந்த மலர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். எஸ்டேட் வேலை இல்லாத நாட்களில் ஷஹீதாவுக்குத் துணையாக இருப்பவள் அவள்.

"பாய், குருவி போயிருச்சாட்ட இருக்குதே? அக்கா பாத்துச்சா?"

சிக்கந்தர் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

எட்டு மணிக்கு ஷஹீதா கண் விழித்தாள். முதலில் ஜன்னலைத்தான் பார்த்தாள்.

"ஏனுங்க, போயிருச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகு அதைத் திருப்பி எடுக்க வழியில்லாமல் போயிற்று.

"சத்தமே காணோமே?"

"தீனி தின்னுட்டுத் தூங்குதுக. நாளைக்குத்தான் பறக்கும்."

"அப்பச் சரி. தலையணை இன்னொண்ணு வைங்க."

அவர் தலையணையை வைத்து அவளைத் தூக்கிச் சாய்த்தார். கஞ்சியை நான்கு கரண்டி குடித்தாள். அதன் பிறகு இருவருமாக அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் செம்பைக் கழுவிக்கொண்டிருந்த மலர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பத்தரை இருக்கும். மரத்தில் ஓர் அணில் இறங்கி வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்தது. ஓட்டைக்குள் மூக்கை விட்டது.

"அய்யோ, வெரட்டுங்க" என்றாள் ஷஹீதா. "சீக்கிரம் போங்க. குஞ்சு இருக்குது."

சிக்கந்தர் வெளியே ஓடினார். கையைத் தட்டினார். அணில் ஒரு முழம் ஏறி நின்று வாலை ஆட்டியது. அவள் பார்ப்பாளே என்று குச்சியை எடுத்து மரத்தில் தட்டினார். அது தாவிப் போன பிறகும் கூரை மேல் ஒரு கல்லை எறிந்தார். கூட்டுக்குக் காவல் நிற்பவரைப் போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார்.

திரும்பி வந்தபோது ஷஹீதாவின் கண்கள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தன. "போயிருச்சு, இனி வராது" என்று அவர் சொன்னார். மறுபடியும் ஒரு முறை சொன்னார். பிறகுதான் அருகே போனார்.

கடைசி நேரத்தில் வாயில் விடுவதற்கென்று அலமாரியில் வைத்திருந்த ஜம்ஜம் தண்ணீரின் சின்னப் போத்தல் மூடி திறக்கப்படாமலே இருந்தது.

அடுத்த தெருவிலிருந்து முதலில் வந்தவள் ஷஹீதாவின் அக்கா ஜொஹரா. தங்கையின் கண்களை மூடி, தாடையைத் துணியால் கட்டிவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"தம்பி, கடைசில வாய்ல தண்ணி விட்டீங்களா? காதுல கலிமா சொன்னீங்களா?"

"வெளிய இருந்தேங்க்கா."

"வெளியவா? எதுக்கு?"

"அணில் வந்துச்சு. வெரட்டச் சொன்னா."

ஜொஹரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "என் தங்கத்தப் பாரு. உசுரு போற நேரத்துல குருவிக்குஞ்ச நெனச்சிருக்கா." வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். ஒவ்வொரு முறையும் சிக்கந்தர் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் ரிஸ்வானாவும் மருமகன் இர்பானும் சேலத்திலிருந்து ஒன்றரை மணிக்கு வந்து சேர்ந்தார்கள். உடலைக் குளிப்பாட்ட இலந்தை இலை வேண்டும். மலையில் அது கிடைக்காது. அடிவாரத்தில் காரை நிறுத்தி, முள் கீறிய கையோடு ஒரு பை நிறைய ஒடித்து வந்திருந்தான் இர்பான். மலர் அதை வாங்கி அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் அகலமான இடம் ஜன்னலுக்கு வெளியே மட்டும்தான் இருந்தது. பள்ளிவாசலிலிருந்து வந்த பலகையை அங்கே போட்டார்கள். மறைப்புக்குப் போர்வைகளைச் சுவரிலிருந்து மரத்துக்கு இழுத்துக் கட்ட ஜொஹரா கயிற்றை எடுத்தபோது, ரிஸ்வானா ஓடி வந்தாள்.

"பெரியம்மா, அந்த மரத்துல கட்டாதீங்க. குஞ்சு இருக்குது. தாய்க்குருவி உள்ள வர முடியாது."

"வேற எங்கடி கட்டறது? எடமே இல்ல."

"நேத்துக்கூட அம்மா போன்ல சொன்னாங்க. நாளைக்கோ நாளான்னைக்கோ பறந்துரும், அத்தா எழுப்பறேன்னிருக்காரு, படம் புடிச்சு அனுப்பறேன்னாங்க." கயிற்றின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மலர் அண்டாவைக் கிளறுவதை நிறுத்திவிட்டுச் சிக்கந்தரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். எல்லோரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள்.

"புள்ள சொன்னபடியே பண்ணிருங்க" என்றார்.

பலகையை அடுப்படிச் சுவர் ஓரமாக, ஒருவர் நிற்கவே சிரமமான இடத்துக்கு மாற்றினார்கள். கயிறு கட்ட அங்கே எதுவும் இல்லை. நான்கு பெண்கள் போர்வை முனைகளைக் கையிலேயே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, நீங்க முன்பக்கம் போயிருங்க" என்றாள் ஜொஹரா. "பாக்கலாம். இனித் தொடக்கூடாது."

அது அவருக்குத் தெரியும். உயிர் போனதும் கணவனுக்கு அந்த உரிமை முடிந்துவிடுகிறது. எட்டு மாதமாக அவளைக் குளிப்பாட்டியது அவர்தான். நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணில் சோப்பு படாமல் நெற்றியில் கையை அணை கட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்.

"தண்ணி நொம்பச் சூடா வேண்டாங்க்கா" என்றார். "எடது தோள்ல படுக்கைப்புண்ணு இருக்குது. அங்க அழுத்தித் தேய்க்காதீங்க."

"தெரியும் தம்பி, நீங்க போங்க."

"முதுகுக்குக் கையக் குடுத்துத்தான் தூக்கணும்."

போர்வையைப் பிடித்திருந்த பெண்கள் வலித்த கைகளை மாற்றிக்கொண்டார்கள். சிக்கந்தர் முன்பக்கம் போய், வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்தார். உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, நிதானமாக ஊற்றினார்கள்.

கபன் துணி சுற்றி முகத்தை மட்டும் திறந்து கூடத்தில் வைத்தார்கள். சந்தூக்குப் பெட்டியில் ஏற்றும் முன் பள்ளிவாசல் ஹஜ்ரத் சிக்கந்தரை அழைத்தார்.

"பாய், அவங்க தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்கு ஏதாச்சும் குறை வச்சிருந்தா, பொறுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவங்களுக்கு லேசாயிரும்."

அவளுடைய முகம் ஈரத்தோடு இருந்தது. சிக்கந்தர் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் போயிற்று. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். கடைசி நாட்களில் இவர்களுக்குள் ஏதோ மனவருத்தம் என்று ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, சொல்லுங்க" என்று இர்பான் அவர் முழங்கையைத் தொட்டான்.

"ஹஜ்ரத்" என்றார் சிக்கந்தர், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில். "நான் அவளுக்கு வச்ச குறைய யாரு பொறுப்பாங்க?"

ஹஜ்ரத் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு நீங்க துவாச் செய்யுங்க பாய். இப்ப அவங்களுக்குச் சொல்லுங்க."

"பொறுத்துட்டேன்" என்றார் சிக்கந்தர்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். முந்தின நாள் மழையில் நனைந்த மண், கையில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. மூன்று பிடி போட வேண்டிய இடத்தில் அவர் விரல்களை உதறி உதறிப் போட்டார்.

வீடு திரும்பியபோது ரிஸ்வானா வெறும் கட்டிலில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வெளியே பனி இறங்கி மரத்தின் பாதியை மறைத்திருந்தது.

"நானும் வந்ததுலேருந்து பாக்கறேன்" என்றாள். "ஒரு தடவகூடத் தாய்க்குருவி வரலையே அத்தா. நாம போட்ட சத்தத்துல கூட்ட விட்டுருச்சா? குஞ்செல்லாம் பட்டினி கெடக்குமே."

சிக்கந்தர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உள்ள ஒண்ணும் இல்ல கண்ணு. காலைல ஆறரைக்கே பறந்துருச்சுக. அஞ்சும்."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "அம்மா பாத்தாங்களா?"

"தூங்கிட்டிருந்தா. மூணு நாளாத் தூங்கல. எந்திரிச்சுக் கேட்டப்ப, இன்னும் போகலைன்னுட்டேன்."

ரிஸ்வானாவின் பார்வை மரத்துக்குப் போய், அடுப்படிச் சுவர் ஓரத்து ஈரத்துக்குப் போய், அவரிடம் திரும்பி வந்தது.

"அப்ப அந்த அணில்?"

"வெறுங் கூட்டுலதான் மூக்க விட்டுச்சு" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சின்ன வயதில் ஏதாவது கெஞ்சும்போது வரும் குரலில் கேட்டாள்.

"எழுப்பியிருக்கலாமில்ல அத்தா."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, சேலத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கித் தலையை நீட்டினார்.

"ஏனுங்க பாய், மலை எறங்கறதுக்குக் கடைசி பஸ் எத்தன மணிக்குங்க?"

"எட்டுக்குங்க" என்றார் சிக்கந்தர். "ஏழே முக்காலுக்கே வந்து நிக்கும்."