மண்டியிடு மந்திரம்

பஞ்சாலை மேற்பார்வையாளர் ஒரு சொல் சொன்னால் இருநூறு பேர் நகர்வார்கள். கணினி விளையாட்டில் ஒரே ஒரு கிழட்டுச் சூனியக்காரன் மட்டும் அவரைச் சட்டையே செய்யவில்லை. 'மண்டியிடு' மந்திரத்தை ஏழு முறை ஏவியாயிற்று. ஏழு முறையும் 'தாக்குப்பிடித்தான்' என்று திரை பல்லிளித்தது. குறி தவறாமல் இருக்க மந்திர மோதிரம் வேறு வாங்கி மாட்டியிருந்தார்.

"இந்த இருபது முகப் பகடை என் பக்கம் விழவே மாட்டேங்குது. கேம்லதான் கோளாறு."

சோபாவில் படுத்திருந்த மகள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நெருப்பு அம்பு விட்டா நீங்க உருட்டணும்பா. விழுற எண் அவன் கவச எண்ணைத் தாண்டணும். மோதிரம் அதுக்குத்தான் உதவும். இது மனசை அடக்குற மந்திரம். இதுக்குப் பகடை உருட்டுறது அவன். அவனுக்கு மனவுறுதி ஜாஸ்தி. வாசல்ல நிக்கிற மக்குக் காவலாளி மேல ஏவுங்க, உடனே விழுவான்."

தன் உத்தரவு செல்லுமா என்பதை எதிராளி முடிவு செய்வதாமே. இந்த விதியை எழுதிய மகானுபாவன் ஒரு நாளாவது ஆலையில் வேலை பார்த்திருப்பானா?

"சரிதான் மேதாவி. எழுந்து போய்ப் படி," என்று அதட்டினார்.

மகள் வெறும் கையைக் குலுக்கி, இல்லாத பகடையை மேசைமேல் உருட்டிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இருபதுக்குப் பத்தொன்பது. தாக்குப்பிடிச்சுட்டேன்பா," என்று மறுபடி படுத்துக்கொண்டாள்.