முப்பது நாள் கூண்டு

தும்பால் மனிதரையும் நம்பியதில்லை, பூட்டையும் நம்பியதில்லை. பாத்தாம் தீவில், ஆபீஸ்கள் கழித்துவிட்ட கணினிகளைப் பிரித்து விற்கும் கொட்டகையில் பதினோரு வருஷமாக ஹார்ட் டிஸ்க்குகளில், உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாதபடி, துளை போடுவது அவர் வேலை.

கணினி வந்ததும் வாசலிலேயே கம்பெனி ஸ்டிக்கரை உரித்துவிட்டு வந்த தொகுதிக்கான லாட் நம்பர் ஒட்டுவார்கள். யாருடையது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியக் கூடாது. பெட்டியும் திரையும் விற்பனைக்குப் போகும். டிஸ்க் மட்டும் முப்பது நாள் கம்பிக் கூண்டில் கிடக்கும், கொடுத்தவர்கள் எதையாவது மறந்து திரும்பக் கேட்டால் கொடுப்பதற்காக. அப்புறம்தான் துளை.

கூண்டுச் சாவி மூன்று பேரிடம் இருந்தது. பிறகு எதற்குப் பூட்டு என்பார் தும்பால். ஒருமுறை இரண்டு டிஸ்க் காணாமல் போய் சந்தையில் அகப்பட்டன. அன்றிலிருந்து டிஸ்க் வந்த நாளே மூன்று துளை போட்டு, உறையில் போட்டு ஒட்டி, கூண்டில் அடுக்கிவிடுவார். தாளில் மட்டும் துளை போட்டது முப்பதாம் நாள் என்று எழுதுவார். யாருக்கும் தெரியாது.

அவர் மகள் லஸ்மா ஐந்து வாரமாகச் சிறையில் இருந்தாள். தன் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலை வெளியே விற்றாள் என்று புகார். அனுப்பச் சொன்னது மேலாளர். அவர் சொன்னதற்கு அத்தாட்சி அவளுடைய ஆபீஸ் கணினியில் மட்டும்தான் இருந்தது. கம்பெனியோ கிளையை மூடிக் கணினிகளை விற்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் லஸ்மாவின் வக்கீல் ராத்தி கோர்ட் கடிதத்தோடு கொட்டகைக்கு வந்தாள். முதலாளி அசெங் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"தும்பால் ஐயா, இங்க வாங்க. உங்க பொண்ணு கம்ப்யூட்டரு எங்கியும் போகல. நம்மகிட்டதான் கெடக்கு."

"எந்த லாட்டு?"

"நாப்பத்தேழு. வந்து இருவது நாள்தான். இன்னும் பத்து நாள் இருக்கு."

தும்பாலுக்கு ஞாபகம் இருந்தது. நாற்பத்தேழு, மழையில் நனைந்து வந்த அட்டைப்பெட்டிகள்.

"தீவு பூரா தேடினேன் ஐயா, கடைசில பாத்தா உங்க கையிலயே இருக்கு" என்றாள் ராத்தி. "காலைல லஸ்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வர்றேன். இன்னிக்குத்தான் ஒரு தட்டு சோறு முழுசா சாப்பிட்டா."

"இந்தாளு தன் நிழலையே பூட்டி வெச்சிட்டுத் தூங்குறவரும்மா. ஒரு எறும்புகூடத் தூக்கிட்டுப் போயிருக்காது" என்று சிரித்தார் அசெங்.

தும்பால் கூண்டைத் திறந்தார். கடிதத்தில் இருந்த லஸ்மாவின் கணினி எண்ணே எழுதிய உறையைக் கிழித்து டிஸ்க்கை எடுத்து நீட்டினார். மூன்று துளை வழியாகவும் வெளிச்சம் வந்தது.

அசெங்கின் சிரிப்பு நின்றது. "யாரு செஞ்சது?"

"நான்தான். வந்த அன்னிக்கே."

"ஏன்யா?"

"எவனாவது திருடிருவான்னு."

ராத்தி கடிதத்தை நான்காக மடித்தாள். வேறு பிரதி எங்கும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

"நாலு மணிக்கு அவளப் பாக்கப் போறேன். நீங்க வந்து சொல்றீங்களா, நானே சொல்லவா?"

தும்பால் டிஸ்க்கை உறையில் போட்டு, கிழிந்த வாயை ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்தார். கூண்டைப் பூட்டினார். பூட்டு சரியாக விழுந்ததா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.