ஆற்று லைன்

"லிஃப்ட்டு எத்தனாவது மாடியில நிக்குதுங்க?"

"அது தெரிஞ்சா நானே போய் எங்க மாமியாரை இறக்கிட மாட்டேனா? கரண்டு எப்போ வரும், அதைச் சொல்லும்மா முதல்ல."

"ஆளுங்க போயிருக்காங்க. ஒரு மணி நேரத்துல வந்துடும்."

"இதையேதான் அப்பவும் சொன்னே."

போனை வைத்துவிட்டார்கள். வைத்த கையோடு அடுத்தது அடித்தது. மின்சார அலுவலகத்தின் புகார் பிரிவில் மூன்று பேர் உட்கார வேண்டும். அன்று அவள் ஒருத்திதான். ஒருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள். சாப்பிடப் போன இன்னொருத்தி திரும்பியபாடில்லை. ஆற்றைக் கடந்து வரும் உயரழுத்த லைன் நடுப்பகலில் அறுந்து பாதி ஊருக்கு மின்சாரம் இல்லை. அந்தப் பாதி ஊரும் அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கென்ன, ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டு பதில் சொல்றீங்க" என்றார் ஒரு கிழவர். அவள் தலைக்கு மேலிருந்த மின்விசிறியும் நின்றுபோய்த்தான் இருந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அடுத்து பேசியவருக்கு மூச்சு வாங்கியது. "ஆத்தோரத்துலேர்ந்து பேசறேம்மா. உங்க கம்பிதான் அறுந்து கிடக்கு. மிலிட்டரி ஹெலிகாப்டர் ஒண்ணு கம்பியில மாட்டி விழுந்துடுச்சு. ஒரே புகையா இருக்கு."

"உங்க இணைப்பு எண் சொல்லுங்க" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவள் காதில் விழுந்தது.

அவள் தம்பிக்கு ஹெலிகாப்டரில்தான் வேலை. ஓட்டுபவன் அல்ல. பின்னால் உட்கார்ந்து போகும் மெக்கானிக். கைப்பேசியை எடுத்து அவனை அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அழைத்தாள். இந்த முறை அடிக்கவே இல்லை.

பிரிவுப் பொறியாளர் வண்டிச் சாவியோடு வேகமாக வெளியே போய்க்கொண்டிருந்தார். அவள் எழுந்து ஓடினாள்.

"சார், ஹெலிகாப்டர் விழுந்துருக்காம். என் தம்பி..."

"தெரியும், தெரியும். அங்கதான் போறேன். நீ போனை விட்டுடாதம்மா. மேல வரைக்கும் புகார் போயிடும்."

அவர் போய்விட்டார். மேசைமேல் போன் அடித்துக்கொண்டிருந்தது. சாப்பிடப் போனவள் வந்து சேரும்வரை அவள் அதை எடுத்து, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விட்டுவிட்டு ஏன் போகவில்லை என்று பிறகு பல தடவை யோசித்தாள். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்வரை எதுவும் நடந்திருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும்.

விமானப்படைத் தளத்தின் வாசலை அடையும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. காவலாளி கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றான்.

"தகவல் எதுவும் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லைங்க."

"தகவல் வேணாம்பா. அவன் அதுல போனானா, போகலையா? அது மட்டும் போதும்."

"அதுதாங்க தகவல். வீட்டுக்குப் போங்க. ஏதாவதுன்னா ஆள் வந்து சொல்லுவாங்க."

அவள் தம்பியின் பெயரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள். அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு வேறு வழியில்லாமல், "உங்க ஆளுங்க அவனைத் தூக்கம்னு கூப்பிடுவாங்களாம்" என்றாள். ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வாயைப் பிளந்து தூங்குவான் என்பதால் வந்த பெயர் அது.

"தூக்கத்தோட அக்காவா நீங்க?"

அவன் உள்ளே போய், தான் உட்காரும் ஸ்டூலைத் தூக்கி வந்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அதை வெளியே அவளுக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றான்.

அவள் உட்காரவில்லை.

மறுநாள் தம்பியின் சவப்பெட்டி வந்தபோது வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. நான்கு பேர் தூக்கி வந்து முன்னறையில் வைத்தார்கள். மூடி திருகாணிகளால் முடுக்கப்பட்டிருந்தது. அம்மா அதன் விளிம்பைத் தடவித் தடவி, திறக்க ஏதாவது இடம் இருக்கிறதா என்று தேடினாள்.

"மூஞ்சிய மட்டும் பாத்துக்கறேன். வேற எதையும் பாக்க மாட்டேன்."

"வேண்டாம்மா" என்றார் தளத்தின் கமாண்டர். உயரமானவர். தொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தார். "சொன்னாக் கேளுங்க. வேண்டாம்."

"பெத்தவ பாக்கக்கூடாதுன்னு எந்த ஊர்ல இருக்கு?"

அம்மா மகளைப் பார்த்தாள். நீயாவது ஏதாவது செய்யேன் என்றது அந்தப் பார்வை. மகள் கமாண்டரைப் பார்த்தாள். அவர் பெட்டியைப் பார்த்தார்.

டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அவள் தாழ்வாரத்துக்கு வந்தபோது அங்கே பொறியாளர் நின்றிருந்தார். அலுவலகத்தின் சார்பில் பெரிய மலர்வளையம் கொண்டுவந்திருந்தார். கமாண்டரும் வெளியே வந்தார். துக்க வீட்டுக்கு ஏற்ற தணிந்த குரலில் இருவரும் பேசத் தொடங்கினார்கள். குரல்தான் தணிந்திருந்தது.

"ஆத்துக்கு நடுவுல அப்படியொரு கம்பி ஓடுதுன்னு யாருக்குங்க தெரியும்? பறக்கறவங்க கண்ணுல படறதுக்குக் கம்பியில கட்டற சிவப்புப் பந்து ஒண்ணுகூட இல்ல" என்றார் கமாண்டர்.

"பந்தெல்லாம் கட்டித்தான் சார் இருந்துச்சு. அந்த லைன் நேத்து முளைச்சதில்ல, நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே அங்க இருக்கு. அதுவா எழுந்து வந்து மோதுச்சு?" என்ற பொறியாளரின் கண் அவள்மேல் விழுந்தது. "இதோ, நம்ம பொண்ணுதான் புகார் பிரிவுல இருக்கு. நீயே சொல்லும்மா. பந்து விழுந்துடுச்சுன்னு யாராவது நமக்குப் போன் பண்ணியிருக்காங்களா?"

இல்லை என்ற பதிலை அவளுக்காக அவரே முகத்தில் வைத்திருந்தார்.

"பண்ணினாங்க சார். போன மழைக்கப்புறம். படகு ஓட்டறவர் ஒருத்தர். பந்தெல்லாம் ஆத்துல மிதக்குதுன்னார். உங்ககிட்டதான் வந்து சொன்னேன். கரண்டு போகலையில்ல, அப்புறம் பாத்துக்கலாம்னீங்க."

பொறியாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏம்மா, இதெல்லாம் இப்போ பேசற நேரமா?"

"நீங்கதானே சார் கேட்டீங்க?"

"மேடம்" என்று கமாண்டர் ஓரடி முன்னால் வந்தார். "இதை நீங்க விசாரணையில வந்து சொல்லணும்." காலையிலிருந்து இறுகியிருந்த அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. அவளால் தாங்க முடியாமல் போனது அந்தத் தளர்வைத்தான்.

"சொல்றேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மரத்து உயரத்துல எதுக்கு சார் பறந்தாங்க?"

"பயிற்சிம்மா அது. தாழ்வாப் பறக்கறதுதான் பயிற்சியே."

"எங்க என்ன கம்பி இருக்குன்னு பாக்காமலா?"

"அதைத்தான் விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்."

"யாரை விசாரிக்கறீங்க? ஓட்டினவரும் போயிட்டார். பக்கத்துல இருந்தவர் ஆஸ்பத்திரியில கண்ணே முழிக்கல. அனுப்பினது யாரு? இந்த வழியாப் போன்னு சொன்னது யாரு?"

"விசாரணை முடியற வரைக்கும் நான் எதுவும் சொல்லக்கூடாது மேடம்."

ஆளுங்க போயிருக்காங்க, ஒரு மணி நேரத்துல வந்துடும். புகார் போனில் அவள் பேசும் அதே குரல். இத்தனை வருஷமாக அந்தக் குரலைக் கேட்டவர்கள் போனை உடைக்காமல் எப்படி இருந்தார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கையிலிருந்த டம்ளர்களை இரண்டு பேர் காலடியிலும் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. எல்லாம் எவர்சில்வர். உடையாது.

"யாருடி அங்க சத்தம்?" என்று உள்ளிருந்து அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

உள்ளே அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு இளைஞன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருந்த மெக்கானிக். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நாங்க அவனைத் தூக்கம்னுதான் கூப்பிடுவோம்மா" என்றான்.

"தெரியும். சின்ன வயசுலயும் அப்படித்தான். சோத்துல கை வெச்சுக்கிட்டே தூங்குவான்." அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அப்பவும் தூங்கிட்டுதான் இருந்தானா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தான். விபத்து நடந்த அன்று அவனுக்குத் தளத்திலேயே வேலை. ஹெலிகாப்டர் கிளம்பியதைக்கூட அவன் பார்க்கவில்லை என்று காலையில் அவளிடம் அவனே சொல்லியிருந்தான்.

"ஆமாம்மா" என்றான். "நல்ல தூக்கம். அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"அப்படியா" என்றாள் அம்மா. "அப்படியா, கண்ணு."

மகள் டம்ளர்களைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வரவில்லை. மோட்டார் ஓட மின்சாரம் இல்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். கமாண்டர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு ஜீப்பில் போனார். பொறியாளர் அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தார். அம்மாவை அக்கம்பக்கத்துப் பெண்கள் படுக்க வைத்தார்கள். நாற்காலிகள் ஏற்றிய விமானப்படை லாரி மட்டும் வாசலில் நின்றது. தெரு முட்டுச்சந்து என்பதால் பின்பக்கமாகவே வெளியே போக வேண்டும். கூட வந்த வீரர்கள் முன்பே நடந்து தெருமுனைக்குப் போய்விட்டார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் தடுமாறினான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"வாங்க. வாங்க. இடது பக்கம் ஒடிங்க. வாங்க."

லாரி உறுமிக்கொண்டு மெதுவாகப் பின்னால் வந்தது. அதன் இரும்புக் கூடு மாடி ஜன்னல்களை எட்டியது. அவள் அண்ணாந்து பார்த்தாள். எதிர்வீட்டிலிருந்து இந்தப் பக்கம் கேபிள் டிவி ஒயர் ஒன்று தொய்ந்து குறுக்கே போயிருந்தது.

"நில்லுங்க!"

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "தாண்டிடும்க்கா. வரும்போது இடிக்கலையே."

"தாண்டாது. நில்லுங்கன்னா நில்லுங்க."

வண்டி நின்றது. எஞ்சினையும் அணைத்துவிட்டான். அவள் பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்த்திருந்த துணி காயப்போடும் மூங்கில் கம்பை எடுத்துவந்தாள். அதன் நுனியில் ஒயரைத் தாங்கி, சுவரோரமாக எம்பி நின்று உயர்த்திப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ வாங்க. மெதுவா. பாத்து, மெதுவா."

கூடு ஒயருக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது. லாரி முழுதாகக் கடந்து, தெருமுனையில் திரும்பி, சத்தம் தேய்ந்து மறைந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்து, "போயிடுச்சு, கீழ இறக்கு" என்றாள்.

அவள் கம்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.